மன்னார் வளைகுடாத் தீவுகளும் பாசி எடுக்கும் பெண்களின் வறுமையும்

கீழக்கரையான்:
கடற்பாசி எடுக்கும் பெண்களின் வறுமைக்குப் பாகுபாடே காரணம் என்று இங்கே எழுதப்படுவதை நான் ஏற்கவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது, ஆண், பெண், விசைப்படகு முதலாளி, வள்ளக்காரர் என்று யாரையும் பிரித்துத் தடை விதிக்கவில்லை. பவளப்பாறை அழிந்தால் மீனும் இல்லை, பாசியும் இல்லை. வியாபாரியிடம் வாங்கும் முன்பணமும் படிப்பின்மையுமே இந்த ஏழ்மைக்குக் காரணம்.

பாம்பன் மீனவர் மகள்:
ஐயா, தடை எல்லோருக்கும் ஒன்றுதான். அதனால் பிழைப்பை இழந்தவர்கள் எல்லோரும் அல்லர். விசைப்படகுக்கு ஆழ்கடல் இருக்கிறது. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூழ்கி மூழ்கி மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்னும் பாசிகளைப் பறிக்கும் பெண்ணுக்கோ தீவை ஒட்டிய பாறைத் திட்டைத் தவிர வேறு கடல் இல்லை. அங்கே போவதே குற்றம் என்றான பிறகு, பிடிபடும் அச்சத்திலேயே வேலை செய்பவள், எடை போடுபவர் சொன்ன விலைக்குச் சரக்கைக் கொடுத்துவிட்டுத்தான் கரையேற முடிகிறது. முன்பணத்தைத் தனிக் காரணமாகச் சொல்கிறீர்கள்; தொழிலே சட்டத்துக்குப் புறம்பானது என்று ஆக்கப்பட்டவள் கடனுக்கு வியாபாரியைத் தவிர யாரிடம் போவாள்? பவளப்பாறையின் மீது அவர்களுக்கு அக்கறை இல்லை என்பதும் உண்மையன்று. மாதத்தில் 12 நாள்கள் மட்டுமே பாசி எடுப்பதென்று இப்பெண்கள் தாங்களாகவே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். அவர்களைத் திரட்டிய சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015இல், தீவுகளின் இயற்கையைக் காக்கப் பாடுபடும் சீகாலஜி அமைப்பின் விருதும் கிடைத்தது.

கீழக்கரையான்:
அந்தக் கட்டுப்பாட்டை மதிக்கிறேன், அம்மா. ஆனால் வனத்தை நம்பி வாழ்வோரின் உரிமையை ஏற்கும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தேசியப் பூங்காக்களுக்கும் பொருந்துகிறதே. அதன்படி உரிமை கோராமல் பாகுபாடு என்று சொல்வது முறையா?

தேவிபட்டினத்தார்:
அந்தச் சட்டத்திலேயே சிக்கல் இருக்கிறது. பழங்குடியினர் அல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அந்த இடத்தை நம்பி வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். குடியிருக்கும் மணலுக்குப் பட்டா இல்லாத, தாயும் பாட்டியும் செய்த தொழில் எந்தப் பதிவேட்டிலும் ஏறாத குடும்பம் எந்தத் தாளைக் காட்டும்? முதியோரின் வாக்குமூலத்தையும் சான்றாக ஏற்க விதிகள் இடம் தருகின்றன. அதைக் கேட்டு எழுத வேண்டிய கிராம சபையில் ஆண்களின் குரலே ஓங்கியிருக்கிறது. படகும் வலையும் உள்ளவரையே மீனவர் என்று எண்ணும் ஊரில், பாசி எடுப்பவளின் கோரிக்கையை முதலில் யார் எழுப்புவார்?

கீழக்கரையான்:
முதியோரின் வாக்குமூலத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை; அதற்கெனத் தனிக் கிராம சபை கூட்டினால் நானும் ஆதரிப்பேன். ஆனால் உயிருள்ள பவளத்தின் மீது கால் வைக்க அனுமதிக்கும் உரிமை எதுவாயினும், அதை யார் கேட்டாலும் எதிர்ப்பேன்.