வீட்டுக்காரர் 1,200 மைல் ஸ்டீயரிங்கத் தொடாம வரப்போறாராம், அவசரம்

ராமமூர்த்திநகர்_ஆர்: வணக்கம், யாராச்சும் சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ். அவர் அமெரிக்காவுல டெட்ராய்ட் போய் மூணு மாசம் ஆச்சு, இப்ப டல்லாஸ்ல வேற ப்ராஜெக்ட், நானும் பொண்ணும் சனிக்கிழமை ராத்திரி பெங்களூர்லேர்ந்து டல்லாஸ்ல இறங்கறோம், அவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் முடிச்சு டெட்ராய்ட்லேர்ந்து தனியா கார்ல கிளம்பி, எங்கயும் தங்காம, எங்களக் கூப்பிட ஏர்போர்ட்டுக்கே நேரா வந்துடறேங்கறார். கேட்டா வண்டி தானா ஓட்டிக்கும்டி, நான் சும்மா உக்காந்திருக்கப் போறேன்னு சிரிப்பு வேற. எனக்கு பெட்டி கட்டவே கை ஓடல. இது சேஃபா?

மல்லேஸ்வரம்_மாமி: பயப்படாதேம்மா. முதல்ல பெட்டிய எடை போட்டுப் பாரு, ஊறுகாய கைப்பையில வெச்சுடாதே, செக்யூரிட்டில பிடுங்கிப்பா. நாங்க 2009ல போனப்போ கார் ஏது, பனியில பால் கேனத் தூக்கிண்டு ஒண்ணரை மைல் நடந்தேன், விரல் விறைச்சுப்போய் சாவி துவாரத்துல நுழையல, வாசல்ல நின்னு அழுதேன். உங்களுக்கு வந்த உடனே காரு, அதுவும் தானா ஓட்டற காரு!

அல்சூர்வாசி: சிஸ்டர், டென்ஷனே வேண்டாம். நான் சிகாகோ பக்கம் இருந்தப்போ எட்டு மணி நேரம் அப்படித்தான் போவேன், இறங்கினா முதுகு வலி கிடையாது. மனுஷன விட மெஷின் மேல்.

ஹோசூர்ரோடு_பயணி: அண்ணே, தப்பா சொல்லிக்கொடுக்காதீங்க. அது தானா ஓட்டற வண்டி இல்ல, லெவல் 2, அதாவது டிரைவருக்கு உதவி மட்டும்தான், பொறுப்பு முழுக்க ஓட்டறவனோடது. என் வண்டியில இருக்கறது கைய எடுக்கவே கூடாத டைப், அதையே நம்பி கிருஷ்ணகிரி தாண்டி ராத்திரி வந்தேன், டெயில் லைட் இல்லாம ஒரு லாரி லெஃப்ட்ல நிக்குது, வண்டி வேகத்தக் குறைக்கவே இல்ல, நான் பிரேக்க மிதிச்ச மிதியில பின்சீட்ல இருந்த அம்மாவோட டிபன் கேரியர் முன்னாடி வந்து விழுந்துச்சு. சாம்பார் வாசனை இன்னும் போகல.

அல்சூர்வாசி: அது நம்ம ரோடு தம்பி. இங்க லேன்னா தரையில போட்ட கோலம், யாரு மதிக்கறா?

சிவாஜிநகர்_பாய்: கோலமாவது அழிஞ்சா மறுநாள் போடுவாங்க. சில்க் போர்டு ஜங்ஷன் ட்ராஃபிக்ல நேத்து நாப்பது நிமிஷம் நின்னேன், அங்க எந்த அசிஸ்டும் வேணாம், ரெண்டு கையும் விட்டுட்டு தூங்கலாம். டேக்ஸ் மட்டும் கரெக்டா வாங்கிடறாங்க.

மல்லேஸ்வரம்_மாமி: கன்டோன்மென்ட் பக்கமும் அதே கதைதான்.

திரும்பிவந்தவன்: ஏங்க, அந்தப் பொண்ணு பெட்டிய திறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கு, நாம சில்க் போர்டுல நிக்கறோம். தங்கச்சி, என்ன வண்டி? சொந்தமா, வாடகையா? அவர் அங்க ராத்திரி ஹைவேல ஓட்டியிருக்காரா?

ராமமூர்த்திநகர்_ஆர்: சாரி அண்ணா, சொல்ல மறந்துட்டேன். ஃபோர்டு, செகண்ட்ஹேண்ட், போன வாரம்தான் வாங்கினார். ராத்திரி ஹைவே ஓட்டினதே இல்லையாம், ஆபீஸ் வீடு மட்டும்தான்.

திரும்பிவந்தவன்: இத முதல்லயே சொல்லியிருக்கணும். அப்போ ப்ளூக்ரூஸா இருக்கும், ஹைவேல கைய விட்டு ஓட்ட ஃபோர்டு குடுக்கற வசதி. அது சந்தா கட்டற சமாச்சாரம், பழைய ஓனரோட முடிஞ்சிருந்தா கைய எடுக்க விடாது, லேன் நடுவுல பிடிச்சு ஓட்டறது மட்டும் இருக்கும், கை ஸ்டீயரிங்ல இருக்கணும். அத இன்னிக்கே செக் பண்ணச் சொல்லு, நடு ராத்திரி இண்டியானாவுல கண்டுபிடிக்க வேண்டாம். சந்தா இருந்தாலும் மேப் பண்ணி வெச்ச ஹைவேல மட்டும்தான் வேலை செய்யும், எக்ஸிட்ல இறங்கினா, ரிப்பேர் வேலை நடக்கற இடம் வந்தா, கைக்கு வந்துடும். எதிர்ல இருக்கற கேமரா கண்ணத்தான் பாக்கும், கண்ண ரோட்டவிட்டு எடுத்தா கத்தும். ஆனா கண்ணு ரோட்டுல இருந்து மூள தூங்கினா அதுக்கு எப்படித் தெரியும்? 18 மணி நேரத்துல அதுதான் நடக்கும், வேலை இல்லாம உக்காந்திருக்கறவனுக்குத்தான் சீக்கிரம் கண்ணு சொக்கும்.

இன்னொண்ணு, ஹோசூர் தம்பி சொன்ன லாரி கதைய சிரிச்சு விட்டுடாதீங்க. நல்ல ஸ்பீடுல போறப்போ முன்னாடி அசையாம நிக்கற வண்டிய இந்த சிஸ்டங்கள் கோட்டை விடலாம். 2024 ஏப்ரல்ல அங்க அரசாங்கமே இதே ப்ளூக்ரூஸ் மேல விசாரணை ஆரம்பிச்சுது, சான் ஆன்டோனியோவுலயும் ஃபிலடெல்ஃபியாவுலயும் ராத்திரி நேரத்துல நின்னுட்டிருந்த வண்டி மேல மோதி ஆள் செத்துப்போனாங்க.

அதனால வெள்ளிக்கிழமை வேண்டாம். வியாழன் காலைல கிளம்பி, செயின்ட் லூயிஸ்ல ஒரு ராத்திரி, லிட்டில் ராக்ல ஒரு ராத்திரி, சனிக்கிழமை மதியம் டல்லாஸ். பகல்ல மட்டும் ஓட்டட்டும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க இறங்கி நடக்கட்டும். நீயும் எங்க வந்துட்டீங்கன்னு ஓட்டும்போது போன் அடிக்காதே, லொகேஷன் ஷேர் போதும்.

அல்சூர்வாசி: நானும் பகல்லதான் ஓட்டுவேன், அத சொல்ல விட்டுட்டேன் சிஸ்டர்.

ராமமூர்த்திநகர்_ஆர்: பேசிட்டேன். முதல்ல கோவம், அப்புறம் மேனேஜர்கிட்ட கேட்டு ரெண்டு நாள் லீவ் போட்டார். செயின்ட் லூயிஸ்ல ரூம் போட்டாச்சு. சந்தா போன மாசமே முடிஞ்சிருக்கு, கட்ட வேண்டாம்னு நானே சொல்லிட்டேன். மாமி, ஊறுகாய பெரிய பெட்டிக்கு மாத்திட்டேன், இப்ப அது 25 கிலோ காட்டுது.