கீமோ போர்ட்டோடு முதுகுப்பை சுமந்தவர்கள் யாராவது?

புற்றுநோய் சிகிச்சை முடித்த இளவயதுக்காரர்கள் சேர்ந்து நான்கு நாள் மலை நடை போகிறோம். இதயத்தைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்தை ஏற்றிக்கொண்டவன் என்பதால் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்த்த பிறகே டாக்டர் சரி என்றார். ஆனால் மருந்து ஏற்றுவதற்காகத் தோலுக்கடியில் வைத்த சிறு கருவியான கீமோ போர்ட் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. வலது காறை எலும்புக்குக் கீழே புடைத்திருக்கும் இடத்தில், பையின் தோள்வார் கச்சிதமாக உட்காருகிறது. இடுப்புப் பட்டையை இறுக்கிப் பாரத்தை இறக்கியும் பார்த்தேன், உரசல் நிற்கவில்லை. வாருக்கு அடியில் என்ன வைத்தீர்கள்?

அப்புறம், வின்கிறிஸ்டின் என்ற இன்னொரு கீமோ மருந்தின் புண்ணியத்தில் கால்விரல்கள் மரத்தே கிடக்கின்றன. கொப்புளம் வந்தாலும் தெரியாது. நடுவழியில் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை ஷூவைக் கழற்றிப் பார்ப்பீர்கள்? 'தைரியமாப் போ' வீட்டிலேயே நிறையக் கிடைக்கிறது. செய்து பார்த்ததைச் சொல்லுங்கள். அடுத்த வாரம் பை வாங்க வேண்டும்.