புதுப்பிப்பு: ஸ்டியரிங் திருப்பும்போது 'டக் டக்' சத்தம் (தீர்ந்தது)

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கார் நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தாலே இடது முன்சக்கரப் பக்கம் 'டக்' என்கிறது என்று கேட்டிருந்தேன். பலரும் சிவி ஜாயின்ட் (இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்தும் மூட்டு) என்றீர்கள். அது இல்லை: பூட் (அதன் ரப்பர் உறை) கிழியவில்லை, கிரீஸ் சிதறவில்லை, தவிர, அந்த ஜாயின்ட் வண்டி ஓடும்போதுதான் சத்தம் போடும்.

'ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, இன்னொருவர் முன்சக்கர ஸ்பிரிங்கின் மேல் கை வைத்துப் பாருங்கள்' என்ற யோசனைதான் பலித்தது. (விரலைச் சுருளுக்கு நடுவே விடாதீர்கள்.) ஸ்பிரிங் சீராகச் சுழலாமல் முறுக்கேறி, சட்டென்று துள்ளியது. ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தண்டு) மேலே பாடியோடு பிணைக்கும் மவுன்ட்டில், அது சுழல உதவும் பேரிங் துருவேறி இறுகியிருந்தது.

இரு பக்கமும் மவுன்ட், பேரிங் மாற்றியாயிற்று. ஸ்பிரிங்கைக் கம்ப்ரசரால் (அதை அழுத்திப் பிடிக்கும் கருவி) அழுத்தாமல் ஸ்ட்ரட்டின் மேல் உள்ள நடு நட்டைத் தொடவே கூடாது. எதிர்பாராதது, சத்தம் பாதிதான் போனது! ஸ்பிரிங்கின் கீழ் நுனி அதன் பள்ளத்தில் உட்காரவில்லை. சரியாக உட்கார வைத்ததும் அடங்கியது. கடைசியாக வீல் அலைன்மென்ட்.