போன் இருக்கும்போதே வந்த கடிதம்: உங்கள் அனுபவம் என்ன?

மைக்கறை:
தோழி வெளிநாட்டில் இருக்கிறாள், தினமும் பேசுகிறோம். நடுவில் அவளுக்குக் காய்ச்சல் வந்து, குணமாகி, அதையும் போனிலேயே பேசி முடித்தாயிற்று. அதற்கப்புறம்தான் காய்ச்சலில் படுத்துக்கொண்டு எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. முதல் பக்கம் அவளுடைய வழக்கமான கையெழுத்து. இரண்டாம் பக்கத்தில் வரிகள் சரிந்து இறங்குகின்றன, எது ள எது ன என்றே தெரியவில்லை. ஒரு சொல் பாதியில் நின்று, அடுத்த வரி வேறு மையில் தொடங்குகிறது: "தூங்கிவிட்டேன். எங்கே விட்டேன்?" நலமாகிவிட்டாள் என்று தெரிந்திருந்தும் எனக்குக் கை நடுங்கியது. உடனே கூப்பிட்டேன். "என்னடி திடீரென்று?" என்று சிரிக்கிறாள். போனில் கேட்டபோது வராத பயம் அப்போது ஏன் வந்தது என்று இன்னும் பிடிபடவில்லை.

பாதிமுத்திரை:
முகம் தெரியாதவர்களோடு அஞ்சலட்டை பரிமாறிக்கொள்ளும் போஸ்ட்கிராஸிங் இணையதளத்தில் இருக்கிறவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். பின்லாந்திலிருந்து ஓர் அட்டை. மழையில் நனைந்து அடையாள எண் கரைந்துவிட்டது; எஃப்ஐ என்ற எழுத்துகளும் கடைசி இரண்டு இலக்கமும்தான் மிச்சம். எண்ணைத் தளத்தில் பதிந்தால்தானே சேர்ந்தது என்று அனுப்பியவருக்குத் தெரியும்? "ஏரி உறைந்துவிட்டது, நாளை நடந்தே அக்கரைக்குப் போகிறேன்" என்று எழுதியிருக்கிறார். போய்ச் சேர்ந்தாரா இல்லையா?

நேர்ப்பேச்சு:
மைக்கறை, நடுங்கிய கையெழுத்தைப் பார்த்தீர்கள், பயந்தீர்கள், அவ்வளவுதான். வீடியோவில் முகத்தைப் பார்த்திருந்தாலும் பயந்திருப்பீர்கள். எனக்குக் கடிதம் என்றாலே அண்ணன் வேலை தேடிய காலம்தான் நினைவுக்கு வரும். உறை மெல்லியதாக இருந்தால் உள்ளே "வருந்துகிறோம்" என்று அர்த்தம். ஒருநாள் உறையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரே தாள்தான் என்று பார்த்துவிட்டு, பிரிக்காமலே மேசையில் வைத்துவிட்டுப் போனான். இப்போதும் பழுப்பு உறையைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். டென்மார்க்கில் 1624 முதல் நடந்துவந்த அரசுக் கடிதச் சேவையை 2025 டிசம்பரோடு நிறுத்தியே விட்டார்கள். போதும்பா.

ஓரக்குறிப்பு:
நேர்ப்பேச்சு, நின்றது அரசுச் சேவை மட்டும்தான். அங்கே தனியார் நிறுவனம் இன்னும் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கிறது. அரைகுறையாகச் சொல்லாதீர்கள்.

பாதிமுத்திரை, எண் அழிந்த அட்டைகளுக்கென்றே போஸ்ட்கிராஸிங்கில் உதவிப் பக்கம் இருக்கிறது. நாடு, தெரிகிற இலக்கம், எழுதியிருக்கும் செய்தி எல்லாவற்றையும் கொடுங்கள், தேடித் தருவார்கள்.

எங்கள் தாத்தா, தாளில் இடம் தீர்ந்தால் நான்கு ஓரத்திலும் சுற்றி எழுதுவார். கடிதத்தைத் தரையில் வைத்து, பிள்ளைகள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து படிப்போம். கஞ்சத்தனம் என்பாள் பாட்டி. பிரிட்டனில் 1840க்கு முன் தாள் எண்ணிக்கையும் தூரமும் பார்த்துக் கட்டணம். பெரும்பாலும் கடிதத்தை வாங்குகிறவர்தான் கட்டவேண்டும். அதனால் எழுதிய தாளையே திருப்பி வைத்து, வரிகளுக்குக் குறுக்கே எழுதினார்களாம். தாத்தாவுக்கு அந்த நெருக்கடி ஒன்றும் கிடையாது. முடிக்க மனசு வராது.

பழந்தாள்:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பழைய கடிதங்களை லேமினேட் செய்யாதீர்கள். ஒட்டியதைத் திரும்பப் பிரிக்க முடியாது. செல்லோ டேப் வேண்டவே வேண்டாம். குண்டூசி, கிளிப் எல்லாம் துருப்பிடித்துக் கறையாகும். அமிலமில்லாத காகிதத்தில் வைத்து, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். மையும் வெளிச்சத்தில் வெளுக்கும், சட்டம் போட்டுச் சுவரில் மாட்டாதீர்கள். உறையைத் தூக்கி எறிய வேண்டாம். கடிதத்தில் தேதி போடாதவர்கள் நிறையப் பேர், அஞ்சல் முத்திரைதான் சாட்சி.

இவ்வளவு சொல்லக் காரணம், அப்பாவுக்கு அம்மா எழுதிய முதல் கடிதம். மடிப்பில் யாரோ ஒட்டிய டேப் பழுப்பேறி, கையெழுத்துக்கு மேலே உள்ள ஒரு வரியை மட்டும் மறைத்துவிட்டது. அம்மாவைக் கேட்டால் "உனக்கெதற்கு அது?" என்கிறாள்.

பாதிமுத்திரை:
நன்றி ஓரக்குறிப்பு, விவரம் அனுப்பிவிட்டேன். பழந்தாள், நனைந்த அட்டை வளைந்து கிடக்கிறது, என்ன செய்யலாம்?

பழந்தாள்:
நன்றாகக் காய்ந்ததும் இரண்டு உறிஞ்சுதாளுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகம். இஸ்திரிப் பெட்டி பக்கம் போகாதீர்கள்.

நேர்ப்பேச்சு:
அட்டை கிடக்கட்டும். அந்த வரி என்னவென்று அப்பாவைக் கேட்டீர்களா?