சரிவுல புல்லு வெட்டும்போது டிராக்டர் நிக்க மாட்டேங்குது, பிரேக் மாத்தியாச்சு, அவசர உதவி

பூலாவ்காரன்:
வணக்கம். பினாங்கு பாலிக் பூலாவ்ல டுரியான் தோட்டம், மேட்டு நிலம். சின்ன டிராக்டர்ல புல்லு வெட்டுறோம். இறக்கத்துல கிளட்ச், பிரேக் ரெண்டையும் மிதிச்சாலும் வண்டி நிக்காம முன்னாடி தள்ளிக்கிட்டே போகுது. நேத்து ஒரு மரத்தை ஒட்டிப் போய்தான் நின்னுச்சு. பிரேக் லைனிங் புதுசு. பழம் விழ ஆரம்பிக்கிறதுக்குள்ள வெட்டி முடிக்கணும், இல்லன்னா புல்லுக்குள்ள பழத்தைத் தேட முடியாது. என்ன பண்றதுன்னு சீக்கிரம் சொல்லுங்க.

கெடா விவசாயி:
என்ன வண்டி அண்ணே? 2 சக்கர இழுவையா, 4 சக்கரமா? டயர் எப்படி, வயல் டயரா, புல்தரை டயரா? பின்னாடி என்ன மாட்டியிருக்கீங்க? இது ஒண்ணுமே சொல்லாம எப்படிச் சொல்றது?

செல்வி ஆயர் ஈத்தாம்:
சரிவு எவ்வளவு? மழை விட்ட உடனே வெட்டுறீங்களா? ஈரப் புல்லுல எந்த டயரும் வழுக்கும்.

பழைய போர்மேன்:
இங்க வர்ற தம்பிங்க எல்லாருமே இப்படித்தான் எழுதுறாங்க. அடிப்படை தெரியாம மேட்டுல வண்டி ஏத்துறதே தப்பு. உனக்கு வேண்டியது பின் டயர்ல தண்ணி. முக்கால்வாசி நிரப்பு, எடை கீழ இறங்கும், வண்டி தரையைப் பிடிக்கும். நம்ம நாட்டுல தண்ணி உறையப் போறதில்ல, வெறும் தண்ணியே போதும். நான் பார்த்த மேட்டு வண்டி எல்லாத்துக்கும் இதுதான் மருந்து. முதல்ல இதைப் பண்ணிட்டு வந்து பேசு.

கெடா விவசாயி:
போர்மேன் ஐயா, தண்ணி நிரப்பினா வண்டி கவிழாம இருக்க உதவும், ஒத்துக்கிறேன். ஆனா எடை ஏறினா பிரேக்குக்கும் வேலை ஏறுமே. அவர் கவிழுதுன்னு சொல்லல, நிக்கலைன்னு சொல்றாரு.

பழைய போர்மேன்:
பிடி இல்லாததாலதான் நிக்கல. எழுதுறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிக்கணும்.

பூலாவ்காரன்:
மன்னிக்கணும், அவசரத்துல எழுதிட்டேன். ஜப்பான்லேர்ந்து வந்த ரீகன் வண்டி, அதாவது சரி பண்ணி விக்கிற பழைய வண்டி, 20 குதிரை சக்தி கிட்ட. 4 சக்கரம் இருக்கு, வயல் டயர். பின்னாடி 4 அடி சிலாஷர், பிளேடு சுத்தி புல்லு வெட்டுறது. சரிவு 30 இருக்கும்.

செல்வி ஆயர் ஈத்தாம்:
30 டிகிரியா? அண்ணே, தயவு செஞ்சு இறங்கிடுங்க. அதுல ஆள் நடக்கவே கஷ்டம்.

பூலாவ்காரன்:
டிகிரி இல்லக்கா, சதம். நிலம் அளக்க வந்தவர் அப்படித்தான் சொன்னாரு.

கெடா விவசாயி:
அப்படின்னா 17 டிகிரி கிட்ட வரும். 100 சதம்னா 45 டிகிரி, 15 டிகிரின்னா 27 சதம். உக்காந்து ஓட்டுற புல்வெட்டிங்க நிறையதுக்குக் கையேட்டுல 15 டிகிரிக்கு மேல ஏறாதேன்னுதான் போட்டிருக்கும். நீங்க அந்தக் கோட்டைத் தாண்டிட்டீங்க. நேரான பலகையைத் தரையில வச்சு அது மேல கைப்பேசியை வச்சு அளந்து பாருங்க, அதுவே டிகிரி காட்டும். நடுவுல செங்குத்தா ஒரு துண்டு இருக்கும், மொத்தச் சராசரியைப் பார்த்து ஏமாந்துடக் கூடாது.

கிரீஸ்கை நிபோங் திபால்:
ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க அண்ணே. சிலாஷர் சுத்திக்கிட்டு இருக்கும்போது மட்டும் தள்ளுதா, இல்ல சிலாஷரை ஓட்டாம இறங்கினாலும் தள்ளுதா?

மருந்தே போதும்:
எதுக்கு இவ்வளவு கஷ்டம்? ரெண்டு பேரை வச்சு மருந்து அடிச்சா ஒரு வாரத்துல புல்லு காஞ்சிடும். டிராக்டரே வேணாம்.

செல்வி ஆயர் ஈத்தாம்:
மேட்டு நிலத்துல புல்லையே கொன்னுட்டா முதல் மழையிலேயே மேல்மண் ஓடையில போய் நிக்கும். 2017 நவம்பர் மழையில பினாங்கு மேடுங்க எப்படிச் சரிஞ்சுச்சுன்னு பார்த்தவங்க இதைச் சொல்ல மாட்டாங்க. டுரியானுக்குச் சாப்பாடு இழுக்கிற வேர் மேலேயே ஓடும். மண்ணு போனா வேர் வெளிய தெரியும், மரம் வாடும். புல்லைக் குட்டையா வைக்கணும், வேரோட சாகடிக்கக் கூடாது.

மருந்தே போதும்:
எங்க மாமா தோட்டத்துல காலங்காலமா அடிக்கிறாங்க, ஒண்ணும் ஆகல. முன்னெல்லாம் பாராகுவாட் அடிச்சா ரெண்டே நாள்ல கருகிடும்.

செல்வி ஆயர் ஈத்தாம்:
அந்த பாராகுவாட்டைத்தான் 2020 ஜனவரி 1-லேர்ந்து மலேசியாவுலயே தடை பண்ணிட்டாங்க. ஒரு வாய் உள்ள போனாலே உயிர் போயிடும், முறிமருந்து கிடையாது. தோட்டத்துல வேலை செஞ்ச நம்ம அம்மாங்க முதுகுல தொட்டியைக் கட்டி, கையுறைகூட இல்லாம அதை அடிச்சாங்க. அந்தக் காலத்தை நல்ல காலம் மாதிரி பேசாதீங்க.

மருந்தே போதும்:
நான் இப்ப அதை அடிக்கச் சொல்லல லா. வேற மருந்து இருக்கே.

கெடா விவசாயி:
மரத்தடியில வட்டமா மட்டும் அடிச்சு, வரிசைக்கு நடுவுல புல்லை விட்டுடறவங்களும் இருக்காங்க. ஆனா இவர் கேட்டது அது இல்ல. வண்டியைப் பத்திப் பேசுவோம்.

பூலாவ்காரன்:
கிரீஸ்கை அண்ணே, சிலாஷர் ஓடும்போது மட்டும்தான். சும்மா ஏறி இறங்கினா நல்லாவே நிக்குது. சமதரையிலயும் கிளட்ச் மிதிச்ச பிறகு கொஞ்ச தூரம் உந்தும், அது பழைய வண்டின்னு விட்டுட்டோம்.

கிரீஸ்கை நிபோங் திபால்:
அப்ப உங்க பிரேக்ல குத்தம் இல்ல. டயர்லயும் இல்ல.

பழைய வண்டிங்க பலதுல கிளட்ச் ஒண்ணுதான். பிடிஓவும் (பின்னாடி மாட்டுற கருவியைச் சுத்த வைக்கிற தண்டு) கியர்பாக்ஸும் அந்தக் கிளட்சுக்குப் பின்னாடி ஒண்ணோட ஒண்ணு கோத்திருக்கும். நீங்க கிளட்ச் மிதிச்சா எஞ்சின் கழண்டுக்கும், ஆனா சிலாஷர் பிளேடு அந்த எடையோட சுத்திக்கிட்டே இருக்கும். அந்த வேகம் பிடிஓ வழியா திரும்பி கியர்பாக்ஸுக்குள்ள வந்து பின் சக்கரத்தை உருட்டும். அதாவது சிலாஷர் உங்க வண்டியை ஓட்டுது. சமதரையில கொஞ்சம் உந்தும். இறக்கத்துல வண்டி எடையும் சேர்ந்துக்கும், எஞ்சின் பிடிச்சு வைக்கிறதும் கிளட்சோட போயிடும். புது லைனிங் போட்டும் நிக்காததுக்கு அதுதான் காரணம்.

இந்த மாதிரி வண்டிங்க ஜப்பான்ல வயல்ல மண்ணைக் கிளறுற ரொட்டவேட்டரோட ஓடினது. ரொட்டவேட்டர் பல்லு மண்ணுக்குள்ள இருக்கிறதால கிளட்ச் மிதிச்ச உடனே நின்னுடும், இந்தத் தொல்லை தெரியாது. சிலாஷர் மாட்டினாதான் தெரியும்.

கடையில ஒருவழி பிடிஓ கப்ளிங்னு கேளுங்க. அது இருந்தா எஞ்சின் சிலாஷரைச் சுத்தும், சிலாஷர் திரும்பி வண்டியை உருட்ட முடியாது. 6 பல்லு, 1 3/8 இஞ்ச்தான் பெரும்பாலும் வரும், அளந்துட்டுப் போங்க. வாங்குறப்ப கையால சுத்திப் பாருங்க, ஒரு பக்கம் பிடிக்கணும், மறுபக்கம் சும்மா சுத்தணும். அது வர்ற வரைக்கும் சரிவுல சிலாஷரை ஓட்டவே வேணாம்.

பழைய போர்மேன்:
கப்ளிங் போட்டாலும் தண்ணி நிரப்பித்தான் ஆகணும்.

கிரீஸ்கை நிபோங் திபால்:
நிரப்பட்டும் போர்மேன் அண்ணே, நல்லதுதான். ஆனா முதல்ல தண்ணியை மட்டும் நிரப்பி அந்த மேட்டுல ஏத்தியிருந்தா, இன்னும் கனமான வண்டி அதே மாதிரி தள்ளியிருக்கும்.

பூலாவ்காரன் அண்ணே, இன்னும் சிலது. கப்ளிங் மாட்டினா பிடிஓலேர்ந்து சிலாஷருக்குப் போற ஷாஃப்ட் நாலு இஞ்ச் கிட்ட நீளும். உள்குழாய், வெளிக்குழாய் ரெண்டையும் ஒரே அளவுக்கு வெட்டணும். வெட்டாம மாட்டி சிலாஷரைத் தூக்கினா ஷாஃப்ட் முட்டி பிடிஓ பேரிங்கை உடைச்சிடும். மாட்டின பிறகு பிளேடு முன்னைவிட அதிக நேரம் தனியா சுத்தும், அது நிக்காம இறங்கிப் பின்னாடி போகாதீங்க.

இறக்கத்துல எப்பவும் மேலயே சின்ன கியர் போட்டுட்டு, எஞ்சின் பிடியிலேயே இறங்குங்க. நடுச்சரிவுல கிளட்ச் மிதிக்கிறதும் கியர் மாத்துறதும் கூடாது. 4 சக்கரம் போட்டே இறங்குங்க. பிரேக் பின் சக்கரத்துக்கு மட்டும்தான், இறங்கும்போது எடை முன்னாடி போய் பின் சக்கரம் லேசாயிடும். முன் சக்கரமும் கோத்திருந்தாதான் பிடிக்கும். இடது வலது பிரேக் மிதி ரெண்டையும் சேர்க்கிற தகடு போட்டிருக்கான்னும் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் பிடிச்சா வண்டி குறுக்கே திரும்பிடும்.

செல்வி ஆயர் ஈத்தாம்:
குறுக்கா வெட்டுறீங்களா, மேல கீழயா? வண்டி கவிழ்ந்தா ஆளைக் காக்குற இரும்பு வளையம் தலைக்கு மேல இருக்கா?

பூலாவ்காரன்:
சில இடத்துல குறுக்கா. வளையம் இல்ல, வாங்கும்போதே இல்ல.

செல்வி ஆயர் ஈத்தாம்:
குறுக்கா வேணாம் அண்ணே. மேல் பக்கச் சக்கரம் ஒரு கல்லுல ஏறி, கீழ்ப் பக்கச் சக்கரம் ஒரு குழியில இறங்கினா போதும், கவிழ்ந்துடும். பட்டறையில சொல்லி சரியான வளையமும் பெல்ட்டும் போடுங்க. தண்ணிக் குழாயை வளைச்சு வெல்ட் பண்றது ஆகாது, எடையைத் தாங்காது. கிளைக்காக மடக்குற வளையம் வாங்கினா, மடக்கி ஓட்டும்போது பெல்ட் போடாதீங்க, நிமிர்த்தி ஓட்டும்போது கண்டிப்பா போடுங்க. மடக்கின வண்டி மேட்டுக்குப் போகவே கூடாது.

கெடா விவசாயி:
செங்குத்தான துண்டுக்குத் தோள்ல மாட்டுற மெஷின்காரங்களைக் கூப்பிடுங்க. விழுற பழத்தைப் பிடிக்க வலை கட்டுற இடத்துல எப்படியும் அவங்கதான் வெட்டணும்.

பூலாவ்காரன்:
புக்கிட் மெர்தாஜாம்ல கப்ளிங் கிடைச்சுது. ஷாஃப்ட் வெட்டி மாட்டியாச்சு. கிளட்ச் மிதிச்சா இப்ப நிக்குது. பிரேக் தகடும் இல்லாமத்தான் இருந்துச்சு, அதுவும் போட்டாச்சு. மேல் துண்டை ஆள் வச்சு வெட்டுறோம். வளையத்துக்குச் சொல்லியிருக்கேன். எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

தைப்பிங் ராஜா:
எனக்கும் இதே தொல்லை. எத்தனை இஞ்ச் வெட்டினீங்க அண்ணே?

கிரீஸ்கை நிபோங் திபால்:
அவர் அளவு உங்களுக்குப் பொருந்தாது தம்பி. கப்ளிங்கை மாட்டி, சிலாஷரைக் கீழேர்ந்து மேல வரைக்கும் மெதுவா தூக்கிப் பாருங்க. ஷாஃப்ட் ரொம்பக் குறுகுற இடத்துல முட்டாம ஒரு இஞ்சாவது மிச்சம் இருக்கணும், ரொம்ப நீளுற இடத்துல ரெண்டு குழாயும் நல்லா ஒண்ணுக்குள்ள ஒண்ணு இருக்கணும். எஞ்சினை அணைச்சுட்டு அளங்க.