முதுகை மட்டும் எதுக்கு தனியா வரைஞ்சு வச்சாரு?

ஏற்காட்டுக்காரன்:
வணக்கம். இங்க ஒரு ஸ்கூல் சுவத்துல 1930 வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகம் வரையச் சொல்லிருக்காங்க, 12 அடி நீளம். கூட்டமெல்லாம் ஓரளவுக்கு வந்துடுச்சு, ஆனா முன்னாடி குனிஞ்சு உப்பு அள்ளுற ஆளு மட்டும் வரவே மாட்டேங்குறாரு, முதுகு மூட்டை மாதிரி இருக்கு. நெட்ல ஜெரிக்கோங்கற பிரெஞ்சு ஓவியர் வரைஞ்ச ஒரு படம் பாத்தேன், ஒரு ஆளோட முதுகு மட்டும், முகமே இல்ல. பெரிய படத்துக்கான ஸ்டடினு, அதாவது முன்னாடியே போட்டுப் பாக்குற பயிற்சிப் படம்னு போட்ருக்கு. இவ்ளோ பெரிய ஆர்ட்டிஸ்ட்டுக்கு இது எதுக்கு?

டிராயிங் வாத்தியார், அஸ்தம்பட்டி:
தம்பி, அது 'மெதூசாவின் தெப்பம்' படத்துக்காகப் போட்டது. 1816-ல மெதூசாங்கற பிரெஞ்சுக் கப்பல் ஆப்பிரிக்கா பக்கம் தரைதட்டி, தெப்பத்துல ஏறுன சுமார் 147 பேர்ல 13 நாள் கழிச்சு 15 பேர்தான் உயிரோட கெடச்சாங்க. படத்துல தூரத்துல வேற ஒரு கப்பல் தெரியுது, உச்சியில ஒருத்தர் துணிய ஆட்டிக் கூப்புடுறாரு, நமக்கு முதுகுதான் காட்டுறாரு. அதுக்கு நின்ன மாடல் பேரு ஜோசப், ஹெய்ட்டிக்காரர். முகத்த வச்சு உணர்ச்சிய காட்ட வழியில்லாத எடத்துல முதுகுதானே பேசணும், அதான் அத தனியா உக்காந்து தீத்துக்கிட்டாரு. படம் கிட்டத்தட்ட 5 மீட்டருக்கு 7 மீட்டர், அங்க போய் தடுமாற முடியுமா?

மலைப்பாதை:
போட்டோ எடுத்து புரொஜெக்டர் போட்டா அரை மணி நேர வேலை சார் 😀

பழைய பேனர் ஆர்ட்டிஸ்ட்:
நாங்களும் சேலத்துல ஸ்டில்ல கட்டம் போட்டுத்தான் பேனர் ஏத்துவோம், தப்பில்ல. ஆனா போட்டோல எந்தக் கால்ல வெயிட் நிக்குதுனு தெரியாது. ஜெரிக்கோ பெரிய கேன்வாஸ்ல கோடு போட்டப்பறமும் மாடல ஒவ்வொருத்தரா நிக்க வச்சுத்தான் முடிச்சிருக்காரு, தச்சர வச்சு தெப்பத்த மாதிரியே சின்னதா ஒண்ணு செஞ்சு வாங்கினாரு. குப்புறக் கெடக்குற ஒரு ஆளுக்கு இன்னொரு பிரெஞ்சு ஓவியரான டெலக்ராவே படுத்துக் குடுத்தாராம்! உங்க ஊர்லயே காப்பி களத்துல குனிஞ்சு அள்ளுறாங்களே, உப்பு அள்ளுறதும் அதே குனிவுதான், கேட்டுட்டு ஓரமா நின்னு போடுங்க. முதல்ல இடுப்பு, அப்பறம் முதுகெலும்பு போற கோடு, சட்டை மடிப்பெல்லாம் கடைசில.

ஏற்காட்டுக்காரன்:
களம் தோணவே இல்லண்ணே!! இன்னிக்கு போனேன், ஒரு அக்கா சிரிச்சுக்கிட்டே ஒத்துக்கிட்டாங்க. ஆறு ஸ்கெட்ச்ல ரெண்டு தேறும். குனியும்போது ஒரு முழங்கால்தான் மடியுது, நான் இத்தன நாளா ரெண்டயும் மடக்கி வச்சிருந்தேன். மஞ்சுல பேப்பர் நமுத்து கரி ஒட்டல, நாளைக்கு வெயில் வந்ததும் மறுபடி போறேன்.