கலைச்சொல்: திட்டத்தைப் பிந்திக் காட்டும் காட்சிக்கு என்ன பெயர்?

தண்டையார்பேட்டையிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம்.

இந்தப் பருவத்தில் எங்கள் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) பிள்ளைகளுக்கு ஒரு தொலைக்காட்சித் தொடரை முழுதாகப் பிரித்துப் படிக்கும் தாள் இருக்கிறது. அவர்கள் தேர்ந்தெடுத்தது 'மணி ஹெய்ஸ்ட்', பேராசிரியர் என்று அழைக்கப்படும் ஒருவர் திட்டம் போட்டு ஒரு கும்பலைக் கொள்ளைக்கு அனுப்பும் ஸ்பானியத் தொடர். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். பலர் தமிழ் டப்பிங்கில் பார்த்தவர்கள், விடையும் தமிழில்தான் எழுதுவார்கள். அவர்களுக்காக ஒரு சொற்கையேடு தயாரிக்கிறேன்.

பெரும்பாலான சொற்களில் சிக்கல் இல்லை. கதை நகர்வுக்குத் தொடொரோவ் சொன்ன ஐந்து நிலைகளைச் சமநிலை, குலைவு, உணர்தல், சீராக்கம், புதுச் சமநிலை என்று எழுதிவிட்டேன். பார்வையாளர் ஒரு படைப்பை எடுத்துக்கொள்ளும் விதத்துக்கு ஸ்டூவர்ட் ஹால் சொன்ன மூன்று வாசிப்புகள்: ஏற்பு வாசிப்பு, பேர வாசிப்பு, எதிர் வாசிப்பு. 'பேர வாசிப்பு' வகுப்பில் உடனே ஒட்டிக்கொண்டது. மீன் ஏலம் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பேரத்தை விளக்க வேண்டியதில்லை. ஸ்பெயின் அரசு நாணயச்சாலைக்குத் 'தங்கசாலை' என்று போடலாம் என்று ஒரு மாணவி சொன்னாள். மின்ட் பஸ் ஸ்டாண்டில் தினமும் இறங்குகிறவள். அழகான சொல்தான். ஆனால் தொடரில் முதல் கொள்ளை தங்கசாலையில், அடிப்பது காகிதப் பணம். இரண்டாவது கொள்ளை ஸ்பெயின் வங்கியில், தூக்குவது தங்கம். குழம்பிவிடும் என்று நாணயச்சாலையிலேயே நிறுத்தினேன்.

இடறுவது இரண்டு இடங்கள். ஒன்று, ஹெய்ஸ்ட் என்ற வகைப்பெயர். 'கொள்ளை' என்றால் கதவை உடைத்து வாரிக்கொண்டு போவதும் அடங்கிவிடுகிறது. மாதக்கணக்கில் கூடி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேலை பிரித்து, கட்டடத்தின் வரைபடத்தை மனப்பாடம் செய்து போகும் களவை அது தனியே பிரித்துச் சொல்வதில்லை.

இரண்டாவதுதான் என்னைத் தூங்கவிடாதது. கும்பல் நாணயச்சாலைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. வெளியே போலீஸ் அவர்களைக் கொடூரர்களாகக் காட்டுகிறது, மக்கள் மனம் திரும்புகிறது. அந்த நேரம் கதை சட்டென்று, கொள்ளைக்கு முன் அவர்கள் பாடம் படித்த தோலேதோ வீட்டின் வகுப்பறைக்குப் போகிறது. பேராசிரியர் கேட்கிறார்: பிரேசிலும் கேமரூனும் மோதினால் உங்கள் மனம் யார் பக்கம் போகும்? இளைத்தவன் பக்கம்தான். ஆகவே கேமரா முன்னால் நாம் கேமரூனாக இருக்க வேண்டும். திரும்ப நாணயச்சாலை. இப்போது நமக்குப் புரிகிறது, இந்த நெருக்கடி அவர் கணக்கில் ஏற்கெனவே இருந்திருக்கிறது. தொடர் முழுக்க இந்த உத்திதான் தாங்குகிறது. திட்டத்தை முன்கூட்டி நமக்குச் சொல்லிவிட்டால் அது பிசக வேண்டும், இல்லாவிட்டால் பார்க்க எதுவும் இல்லை. சொல்லாமல் வைத்தால் அது பலிக்கலாம். பலித்த பிறகோ பலிக்கும் தருவாயிலோ பழைய காட்சியைத் திறந்து காட்டுவார்கள். இந்தக் காட்சிக்குப் பெயர் வேண்டும். 'பின்னோக்கு' என்பது எல்லா ஃப்ளாஷ்பேக்குக்கும் பொது. கும்பலில் ஒருத்தியான டோக்கியோ தன் பழைய காதலை நினைப்பதும் பின்னோக்கு, கேமரூன் பாடமும் பின்னோக்கு என்றால் மாணவர் எதை வைத்துப் பகுப்பாய்வு செய்வார்?

ஒரு துணுக்கு. கேமரூன் கேள்வியை வகுப்பிலும் கேட்டேன். வியாசர்பாடிப் பையன்கள் ஒரே குரலில் "பிரேசில், மேடம்" என்றார்கள். கால்பந்தால் குட்டி பிரேசில் என்று பெயரெடுத்த பேட்டை. எதிர் வாசிப்புக்கு உதாரணம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. (2022 உலகக் கோப்பையில் கேமரூன் நிஜமாகவே பிரேசிலை 1-0 என்று சாய்த்ததைச் சொன்னேன். அந்த ஆட்டத்தில் பிரேசில் மாற்று ஆட்டக்காரர்களை இறக்கியது என்று பதில் வந்தது.)

பெரம்பூரிலிருந்து:

அம்மா, வணக்கம்.

வகைப்பெயருக்கு வெளியே போக வேண்டாம். பகைவரின் ஆநிரையைக் கவரும் வெட்சித் திணைக்கு இலக்கணம் சொல்லும்போதே தொல்காப்பியர் 'வேந்துவிடு முனைஞர் வேற்றுப்புலக் களவின் ஆதந் தோம்பல்' என்கிறார். கொள்ளை என்ற சொல் அங்கே இல்லை, களவு என்றுதான் இருக்கிறது. அதன் துறைகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். படை கிளம்பும் அரவம். பாக்கத்தில் நற்சொல் நிமித்தம் பார்க்கும் விரிச்சி கேட்டல். அக்கம்பக்கம் அறியாமல் போகும் செலவு. ஒற்றரால் உளவறியும் வேய். ஊரைச் சுற்றி வளைக்கும் புறத்திறை. ஊரை அழிக்கும் ஊர்கொலை. ஆவைக் கவரும் ஆகோள். பின்தொடர்ந்து வருகிறவர்களோடு பொருதும் பூசல்மாற்று. கவர்ந்த ஆவை நோகாமல் ஓட்டிவரும் நோயின்றுய்த்தல். வழிபார்த்து நிற்போர் முன் வந்து தோன்றும் நுவலுழித் தோற்றம். ஊருக்குள் கொண்டுவந்து நிறுத்தும் தந்துநிறை. பங்கு பிரிக்கும் பாதீடு. கள்ளுண்டு களிக்கும் உண்டாட்டு. கடைசியில் கொடை. உங்கள் ஸ்பானியத் தொடரின் திரைக்கதைச் சுருக்கம் வேறென்ன?

இன்னொன்றும் உண்டு. கவர்ந்த ஆநிரையை மீட்கப் போவது கரந்தை. தொல்காப்பியம் அதை வெட்சிக்குள்ளேயே அடக்குகிறது. புறப்பொருள் வெண்பாமாலை தனித் திணையாகப் பிரித்துவிட்டது. உங்கள் தொடரில் போலீஸ் கூடாரமும் அந்தப் பெண் அதிகாரியும் பாதிக் கதையை எடுத்துக்கொள்கிறார்கள் என்றால், அது தொல்காப்பியர் வழி. களவையும் மீட்பையும் ஒரே திணையில் வைப்பது. துப்பறியும் கதை தனி, களவுக் கதை தனி என்று பிரிப்பது வெண்பாமாலை ஆசிரியர் ஐயனாரிதனார் வழி. தேர்வில் கேட்கத் தகுந்த கேள்வி.

எனவே வகைக்கு 'வெட்சிக் கதை', உளவு பார்க்கும் கட்டத்துக்கு 'வேய்', பங்கு பிரிக்கும் கட்டத்துக்குப் 'பாதீடு'. இது என் முன்மொழிவு.

கருவிகளைப் பற்றி எழுதச் சொன்னால் மதுரைக்காஞ்சியின் இரவுக் கள்வர் இருக்கிறார்கள். நூலேணியைச் சுற்றிக்கொண்டு, நிலம் அகழும் உளியோடு திரிபவர்கள். சிலம்பில் பொற்கொல்லன் கள்வருக்குத் துணையென்று எட்டை அடுக்குவான்: 'மந்திரம் தெய்வம் மருந்தே நிமித்தம் தந்திரம் இடனே காலம் கருவி'. கடைசி நான்கும் உங்கள் பேராசிரியருக்கு அப்படியே பொருந்தும்.

காசிமேட்டிலிருந்து:

மேடம், ஐயா, இரண்டு பேருக்கும் வணக்கம். எடிட்டிங் டேபிளில் உட்கார்ந்து எழுதுகிறேன், நீளம் மன்னிக்கவும்.

வேய் வேண்டாம் ஐயா. அந்த வேலைக்கு எங்க பக்கத்தில் உயிரோடு ஒரு சொல் இருக்கு: நோட்டம். "ரெண்டு நாளா ஒருத்தன் நோட்டம் உட்டுனு இருந்தான்" என்று எங்க ஆயாவும் சொல்லும், போலீசும் சொல்லும், பேப்பரிலும் வரும். வேய் என்று எழுதினால் பிள்ளைங்க கூரை வேய்வதைத்தான் நினைக்கும். 'நோட்டக் கட்டம்' என்று போட்டால் விளக்கமே வேண்டாம். பங்கு பிரிப்பதற்கும் அப்படியே, 'பங்கு' போதும்.

திட்டத்துக்கு 'ஸ்கெட்ச்' போடலாமே என்று யாராவது சொல்வதற்கு முன்னால் நானே தடுத்துவிடுகிறேன். ஸ்கெட்ச் போட்டான், தூக்கினான் என்பதையெல்லாம் வடசென்னை மொழி என்று சினிமா இருபது வருஷமாக விற்கிறது. எங்க தெருவில் ஸ்கெட்ச் என்றால் குழந்தைங்க கலர் அடிக்கிற பேனா. கையேட்டில் அந்தச் சொல் வந்தால், பக்கத்தில் 'திரைப்பட வழக்கு' என்று குறித்துவிடுங்கள். உருவகிப்பு (ரெப்ரசென்டேஷன்) பற்றிய பாடத்தில் அதையே எடுத்துப் பேசலாம். மாட்ரிட் பேராசிரியர் திட்டம் போட்டால் மேதை. புளியந்தோப்புக்காரன் போட்டால் ரவுடி. கேமரா எங்கே வைத்தார்கள், எந்த வெளிச்சத்தில் வைத்தார்கள் என்பதுதான் வித்தியாசம். ஐயா சொன்ன சிலப்பதிகாரம் இதற்கு இன்னும் நல்ல உதாரணம். கோவலன் முகத்தைப் பார்த்த காவலர்கள் இவன் கொலைப்பட வேண்டியவன் இல்லை என்றுதான் சொன்னார்கள். அப்போது அந்த எட்டையும் ஒப்பித்து அவர்கள் கண்ணை மறைத்தவன் பொற்கொல்லன். உண்மையான திருடன் அவனே. கள்வனின் இலக்கணம் அங்கே ஒரு நிரபராதியை மாட்டவைக்கத்தான் பயன்பட்டது. இதை வகுப்பில் விட்டுவிடாதீங்க.

தொழில் சார்ந்து ஒரு குறிப்பு. எந்தப் பிரதியைப் பாடமாக வைக்கிறீர்கள்? 2017 மே மாதம் ஆண்டெனா 3 சேனலில் வந்தபோது முதல் கொள்ளைக்கு 15 அத்தியாயம், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல். நெட்ஃபிளிக்ஸ் அதை வெட்டிச் சேர்த்து 22 ஆக்கியது. நாம் எல்லோரும் பார்த்தது அந்த 22தான். அத்தியாயம் முடியும் இடங்கள் மாறினால், எந்த முடிச்சோடு தொங்கவிடுகிறார்கள் என்பதும் மாறும். மேடம் பெயர் தேடுகிற காட்சி முடிச்சுக்கு இந்தப் பக்கம் விழுகிறதா அந்தப் பக்கம் விழுகிறதா என்பதை எழுத்தாளர் மட்டும் தீர்மானிக்கவில்லை, கத்தரிக்கோலும் தீர்மானித்திருக்கிறது. மாணவர்கள் 'இயக்குநர் இங்கே நிறுத்தினார்' என்று எழுதினால் மதிப்பெண் குறையுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

வணக்கம். பாதீடு பற்றி மட்டும். எங்கட பக்கத்தில் பாதீடு எண்டால் அரசாங்கத்தின்ர வரவு செலவுத் திட்டம். ஒவ்வொரு வருசமும் 'பாதீடு நிறைவேறியது' எண்டு பத்திரிகையில் தலைப்பு வரும். கொள்ளையர் பங்கு பிரிக்கிறதுக்கும் அதே சொல்லை வைத்தால் எங்கட மாணவர்கள் சிரிப்பார்கள். பொருத்தம் எண்டும் சொல்லுவார்கள். ஆனால் கலைச்சொல்லுக்கு அந்தச் சிரிப்பு ஆகாது.

பெரம்பூரிலிருந்து:

யாழ்ப்பாணத்து நண்பருக்கு நன்றி. பாதீட்டை விட்டுவிடுவோம். நோட்டமும் இருக்கட்டும். தம்பி சொல்வது வழக்காற்றின் வலிமை, அதோடு மல்லுக்கட்ட முடியாது. வெட்சிக் கதையை மட்டும் விடமாட்டேன்.

அம்மா கேட்ட முதன்மையான சொல்லுக்கு வருகிறேன். எழுத்துகளை வைத்து விளையாடும் சித்திரகவிகளில் கரந்துறை செய்யுள் என்று ஒன்று உண்டு. ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள்ளேயே இன்னொரு செய்யுள் ஒளிந்து உறையும். முதலில் படிக்கும்போது வெளிச்செய்யுள் மட்டுமே தெரியும். உள்ளதை எடுத்துக் காட்டிய பிறகு, இத்தனை நேரமும் நம் கண் முன்னால்தானே இருந்தது என்று தோன்றும். அந்த வழியில் 'கரந்துறை காட்சி' என்று வைக்கலாம். வினைத்தொகை, எனவே வல்லினம் மிகாது. 'கரந்துறைக் காட்சி' என்று க் போட்டு அச்சடித்துவிடாதீர்கள்.

காசிமேட்டிலிருந்து:

ஐயா, சொல் நல்லா இருக்கு. ஆனா எல்லாக் காட்சிக்கும் பொருந்தாது. கரந்துறை செய்யுளில் எழுத்துகள் முன்னாடியே கண்ணெதிரில் இருக்கு என்கிறீங்க. சில தொடரில் அப்படி ஒரு எழுத்தும் இருக்காது. ஹீரோ மாட்டிக்குவான், கதாசிரியருக்கு வழி தெரியாது, உடனே "மூணு மாசம் முன்னாடி" என்று கார்டு போட்டு, இதையும் யோசிச்சு வச்சிருந்தான் என்பார்கள். முன்னால் ஒரு தடயமும் வைக்கவில்லை. அது ஒளிந்திருந்தது இல்லை, பிறகு ஒட்டவைத்தது.

தண்டையார்பேட்டையிலிருந்து:

தம்பி, நீ ஆட்சேபம் என்று எழுதியதுதான் எனக்குத் தேவையான பாதி. இரண்டு சொல்லாக வைக்கிறேன். முன்னரே தடயம் கிடந்து, பின்னால் திறக்கப்படுவது கரந்துறை காட்சி. தடயம் இல்லாமல் கதையைக் காப்பாற்றச் செருகப்படுவது ஒட்டுக்காட்சி. (ஐயா, இங்கே க் மிகும் அல்லவா?) இப்போது சொல் வெறும் பெயராக நிற்காமல் அளவுகோலாகவும் ஆகிறது. மாணவர் ஒரு காட்சியை எடுத்து, இது இரண்டில் எது என்று வாதிட்டாக வேண்டும். வாதிடுவதற்குத் தடயத்தைத் தேடித் தொடரைத் திரும்பப் பார்த்தாக வேண்டும். இந்தப் பருவத்தில் நான் செய்யவைக்க நினைத்ததே அந்த இரண்டாம் பார்வைதான்.

நேற்று வகுப்பில் சோதித்தேன். கேமரூன் பாடம் எது? ஒரு கட்சி கரந்துறை என்றது: முதல் நாளிலிருந்தே முகமூடியும் சிவப்பு உடையும் கேமராவுக்காகத்தான், யாருடைய பணத்தையும் எடுக்காமல் புதிதாக அச்சடிக்கிறோம் என்ற வாதமும் மக்களுக்காகத்தான், ஆக மக்கள் மனத்தைப் பிடிக்கும் எண்ணம் தொடக்கத்திலேயே தெரிகிறது. மறு கட்சி ஒட்டு என்றது: நெருக்கடி வரும்வரை கால்பந்து என்ற பேச்சே இல்லை, அந்த உவமை அவசரத்துக்கு வந்தது. எண்ணம் கரந்துறைகிறது, உவமை ஒட்டு என்று மூன்றாவதாக ஒரு பெண் சொன்னாள். நான் அவள் பக்கம். கதையைச் சொல்வது டோக்கியோ என்பதால் எதை எப்போது திறப்பது என்பதும் அவள் கையில்தானே, ஒட்டானாலும் அவள் ஒட்டியதாக இருக்கலாமே என்று ஒருவன் கேட்டபோது மணி அடித்துவிட்டது. ஐந்தாம் பாகத்தின் தங்கம் பற்றி எழுந்த சண்டையை இங்கே எழுதவில்லை, குழுவில் இன்னும் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள்.

வகைப்பெயரில் ஐயாவோடு முழுதாக உடன்பட முடியவில்லை. வெட்சியார் வேந்து விடுத்த முனைஞர், அரசன் அனுப்பிப் போகிறவர்கள். பேராசிரியரின் கும்பல் அரசின் கஜானாவுக்குள்ளேயே புகுகிறது. யார் ஏவினார்கள் என்பதுதான் இந்த வகையின் அரசியலே. அதை வெட்சி மறைத்துவிடும். ஆனால் துறை வரிசையைக் கையேட்டில் ஒரு முழுப் பக்கத்துக்குப் போடுகிறேன். தொடொரோவுக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும், இரண்டில் எது இந்தத் தொடருக்கு நெருக்கம் என்று பிள்ளைகளே பார்த்துக்கொள்ளட்டும். வகைக்கு இப்போதைக்குத் 'திட்டக்களவுத் தொடர்'. கொஞ்சம் கட்டையான சொல்தான், இதைவிட நல்லது வந்தால் மாற்றுவேன்.

பெரம்பூரிலிருந்து:

ஒட்டுக்காட்சியில் க் மிகும், சரி.

வேந்துவிடு முனைஞர் என்பது தொல்காப்பியர் வைத்த வரையறை. வேந்தன் ஏவாமல் தன்னுறு தொழிலாகவே ஆ கவர்வதைப் பின்னால் வெண்பாமாலை ஏற்றுக்கொள்கிறது. மன்னுறு தொழில், தன்னுறு தொழில் என்று அதற்கு இரண்டு பிரிவும் வைத்திருக்கிறது. உங்கள் கும்பல் தன்னுறு தொழில் வெட்சி. வகைப்பெயரை அச்சுக்குக் கொடுப்பதற்குமுன் இன்னொரு முறை யோசியுங்கள் அம்மா.

தண்டையார்பேட்டையிலிருந்து:

ஐயா, தன்னுறு தொழிலையும் அந்தப் பக்கத்திலேயே சேர்த்துவிட்டேன். வகைப்பெயருக்கு எதிரே 'திட்டக்களவுத் தொடர் / வெட்சிக் கதை' என்று இரண்டையும் போட்டு, வகுப்பு எதை எடுத்துக்கொள்கிறது என்று பார்க்கிறேன். கையேடு வியாழக்கிழமை ஜெராக்ஸுக்குப் போகிறது. எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் அதற்குள் சொல்லுங்கள். தம்பி, 15க்கும் 22க்கும் உள்ள வேறுபாட்டை அரைப் பக்கத்தில் நீயே எழுதி அனுப்பு.